ரத்தம் சொன்னதும் சொல்லாததும்

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், காலை அமர்வில் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே பெரும்பாலும் தரப்பட்டுள்ளது.)



இருபது நிமிஷம்தான் நேரம், அதற்கு மேல் போனால் மைக்கை நிறுத்திவிடுவோம் என்று செயலாளர் எச்சரித்திருக்கிறார். சமையல்காரர் வேறு சாம்பாரைத் தாளித்துவிட்டார், வாசனை இங்கே வரை வருகிறது. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் 1975 முதல் 1978 வரை இங்கே விலங்கியல் படித்தவன். படிப்பில் பெரிய பெயரெல்லாம் கிடையாது. தவளையை அறுக்கச் சொன்னால் கை நடுங்கும். அப்படிப்பட்டவன் பிறகு லேப் டெக்னீஷியன் பயிற்சி முடித்து, அரசு மருத்துவமனையில் பத்து வருஷம் வேலை பார்த்து, 1990இல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சொந்தமாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்தேன். 2019 வரை நடத்தினேன். இந்த ஹாலில் இருப்பவர்களில் பாதிப் பேருடைய சர்க்கரை அளவு எனக்கு மனப்பாடம். யாரும் பயப்பட வேண்டாம், வெளியே சொல்ல மாட்டேன்.

2024 ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன். என் விடுதி அறைத் தோழன். மூன்று வருஷம் ஒரே அறை, ஒரே பக்கெட், ஒரே சீப்பு. அவனும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். இந்த விஷயத்தைப் பேசலாமா என்று அவனிடம் கேட்டு, அவன் பேசு என்று சொன்ன பிறகுதான் மேடை ஏறியிருக்கிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"டேய், பேத்திக்கு மூணு வாரமா சாயங்காலமானா லேசா காய்ச்சல். கழுத்துல நெறி கட்டியிருக்கு. நாலு வயசுக்கு எடையே ஏறல. டி.பி.யா இருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. கட்டியில ஊசி போட்டு எடுத்துப் பாக்கணுமாம். குழந்தைக்கு எதுக்குடா ஊசி? ரத்தத்துல ஜீனைப் படிச்சே டி.பி.யைக் கண்டுபிடிச்சிடலாம்னு பேப்பர்ல போட்டிருந்தானே. எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல. எங்க அனுப்பணும்னு மட்டும் சொல்லு."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஏனென்றால் கிட்டத்தட்ட இதே கேள்வியை 2004இல் என் லேபில் நின்றுகொண்டு அவன் கேட்டான். அன்று நான் உடனே பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பதில் எப்படித் தப்பாகப் போயிற்று என்பதும், இன்றைக்கு இந்த ஜீன் விஷயம் எந்த அளவில் நிற்கிறது என்பதும்தான் என் பேச்சு.

முதலில் டி.பி.யை எப்படிப் பார்க்கிறோம் என்று ரெண்டு வார்த்தை. 1882ஆம் வருஷம் மார்ச் 24ஆம் தேதி பெர்லினில் ராபர்ட் காக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். கிருமியைச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் வழி அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. நான் அரசு மருத்துவமனையில் தினம் செய்தது அதைத்தான். சளியை ஸ்லைடில் தடவி, காயவைத்து, சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கைக் காட்டி ஆவி வரும் வரை சூடு பண்ணி, அமிலத்தால் கழுவ வேண்டும். மற்றக் கிருமிகளெல்லாம் சாயத்தை விட்டுவிடும். டி.பி. கிருமி மட்டும் விடாது, மெழுகுத் தோல். நீலப் பின்னணியில் சிவப்புக் கீற்று கீற்றாக, நம் மஞ்சள் குங்கும டப்பாவில் குச்சியால் கீறின மாதிரி தெரியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இதில் ரெண்டு குறை. ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் ஸ்லைடில் கண்ணுக்குச் சிக்கும். ரெண்டாவது, சளி வேண்டும். நாலு வயதுக் குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். கழுத்து நெறிகட்டியிலோ முதுகெலும்பிலோ மூளை உறையிலோ வருகிற டி.பி.க்குச் சளியில் ஒன்றும் இருக்காது. கிருமியை வளர்த்துப் பார்க்கலாம். ஆனால் இது ஒன்று இரண்டாகப் பெருகவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பழைய முட்டை ஊடகத்தில் வளர்ந்து வர ஆறிலிருந்து எட்டு வாரம். நோயாளி எட்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

அதனால் ரத்தத்தில் பார்க்க ஒரு வழி வேண்டும் என்பது எல்லோருக்கும் இருந்த ஆசை. அந்த ஆசையைத்தான் விற்றார்கள். விற்றவர்களில் நானும் ஒருவன்.

2004 கதைக்கு வருகிறேன். என் நண்பனின் மனைவிக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. இரவில் வேர்வை, மெலிவு. எங்கள் ஊர் டாக்டர் பார்த்துவிட்டு, டி.பி.யாக இருக்கலாம், கட்டியில் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்துவிடுவோம் என்று சரியாகத்தான் சொன்னார். ரெண்டு பேரும் நேரே என் லேபுக்கு வந்தார்கள். அந்தம்மா என்னை அண்ணா என்றுதான் கூப்பிடும். "கழுத்துல ஊசியெல்லாம் வேண்டாம்ணா, பயமா இருக்கு. ரத்தம் வேணா எவ்வளவு வேணாலும் எடுத்துக்கோங்க" என்றது. நண்பன் என் முகத்தைப் பார்த்தான். "ரத்தத்துலயே பாக்க முடியுமாடா?"

"தாராளமா பாத்துடலாம்" என்றேன்.

அப்போது டி.பி.க்கான ஆன்ட்டிபாடி டெஸ்ட் கிட் ஊர் ஊராக வந்திருந்தது. கம்பெனிப் பிரதிநிதி மாதம் ஒருமுறை வருவார், டைரி கொடுப்பார், காலண்டர் கொடுப்பார். 600 ரூபாய் டெஸ்ட், பாதிக்கு மேல் எனக்கு நிற்கும். சளி டெஸ்டில் எனக்கு டீச் செலவுகூட மிஞ்சாது. இந்தக் கணக்கையும் சொன்னால்தான் கதை முழுசாகும். ரத்தம் எடுத்தேன், மறுநாள் ரிப்போர்ட் கொடுத்தேன், பாசிட்டிவ். நல்ல கெட்டித் தாளில், எண்களோடு, என் கையெழுத்தோடு.

எண் போட்ட தாளுக்கு நம் ஊரில் தனி மரியாதை. டாக்டரும் ஏற்றுக்கொண்டார், டி.பி. மாத்திரை ஆரம்பித்தார். நாலு மாதம் சாப்பிட்டது. கட்டி குறையவில்லை, இன்னொரு பக்கமும் வந்தது. மதுரைக்குப் போய்ச் சதை எடுத்துப் பார்த்தபோது அது டி.பி.யே இல்லை, நிணநீர்ச் சுரப்பியில் வந்த புற்றுநோய். அங்கிருந்த பெரிய டாக்டர், "நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, நண்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாராம். 2006 தை மாதம் அந்தம்மா போய்விட்டது.

என் நண்பன் ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை. காரியம் முடிந்து பதினெட்டாம் நாள் சர்க்கரை டெஸ்டுக்கு வழக்கம்போல என் லேபுக்குத்தான் வந்தான். அன்றைக்கு நான் ஊசி போட்டபோது என் கை தவளை அறுத்த நாள் மாதிரி நடுங்கியது.

அந்த டெஸ்ட் ஏன் பொய் சொன்னது? நம் விடுதியின் விசிட்டர் புக்கை நினைத்துக்கொள்ளுங்கள். யார் எப்போது வந்துபோனாலும் அதில் கையெழுத்து இருக்கும். ஆனால் அந்த ஆள் இப்போது அறையில் இருக்கிறாரா என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா? ஆன்ட்டிபாடி என்பது உடம்பின் விசிட்டர் புக். டி.பி. கிருமியை ஒருகாலத்தில் சந்தித்து அடக்கி வைத்திருப்பவர்கள் நம் நாட்டில் கோடிக்கணக்கில். பி.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்டவர்கள் அநேகமாக எல்லோரும். குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கிற டி.பி.யின் ஒன்றுவிட்ட சகோதரக் கிருமிகள் வேறு. அத்தனை பேர் கையெழுத்தும் நோட்டில் இருக்கும். இன்னொரு பக்கம், நோய் முற்றி எதிர்ப்புச் சக்தி சோர்ந்தவருக்கு நோட்டில் எழுதவே ஆள் இருக்காது. அவருக்கு நெகட்டிவ் என்று வரும்.

2011 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இந்த ரத்த டெஸ்டுகளை டி.பி.க்குப் பயன்படுத்தவே கூடாது என்று அறிவித்தது. "இதைச் செய்யாதே" என்று அது வெளிப்படையாக டி.பி. டெஸ்ட் ஒன்றைத் தள்ளியது அதுவே முதல் தடவை. இந்தியாவில் மட்டும் வருஷத்துக்கு ஏறக்குறைய 15 லட்சம் இப்படிப்பட்ட டெஸ்டுகள் நடந்துகொண்டிருந்ததாக மதிப்பிட்டார்கள். 2012 ஜூனில் நம் அரசு அவற்றின் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை மூன்றையும் தடை செய்தது. என் அலமாரியில் மிச்சம் ரெண்டு கிட் இருந்தது. சாக்கடையில் ஊற்றினேன் என்று சொன்னால் நம்புவீர்கள், ஆனால் அப்படிச் செய்யவில்லை. கம்பெனிக்கே திருப்பி அனுப்பிப் பணம் வாங்கிக்கொண்டேன்.

ஆகவே 2024இல் "ரத்தத்தில் டி.பி." என்று மறுபடி காதில் விழுந்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். பழைய கள், புது மொந்தை என்று நினைத்தேன். ஆனால் உட்கார்ந்து படித்தேன். மருமகன் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்தான், மூன்று வாரம் பகல் முழுக்கப் படித்தேன். இது வேறு கள் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதில் ரெண்டு வழி இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் ரெண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுகிறார்கள்.

முதல் வழி, ரத்தத்தில் கிருமியின் துண்டுகளையே தேடுவது. எந்த உயிரணு செத்தாலும் அதன் டி.என்.ஏ. துண்டு துண்டாகி ரத்தத்தில் மிதக்கும். 1948இலேயே ஸ்ட்ராஸ்பர்க்கில் மாண்டெல், மெத்தே என்ற ரெண்டு பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கண்டு எழுதினார்கள், யாரும் சீந்தவில்லை. 1997இல் டென்னிஸ் லோவும் கூட்டாளிகளும் கர்ப்பிணியின் ரத்தத்தில் சிசுவின் டி.என்.ஏ. மிதப்பதைக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் உலகம் விழித்தது. இன்று உங்கள் மருமகள்களுக்குக் கர்ப்ப காலத்தில் கை ரத்தத்தை எடுத்தே சிசுவின் குரோமோசோமைப் பார்க்கிறார்களே, அதன் மூலம் அதுதான்.

டி.பி. கிருமி சாகும்போதும் இதே கதை. அதன் முழு மரபணுப் புத்தகத்தையும் 1998இல் படித்து முடித்துவிட்டார்கள், ஸ்டூவர்ட் கோல் தலைமையில். ஏறக்குறைய 44 லட்சம் எழுத்து. ஆக, ரத்தத்தைச் சுழற்றிச் செல்களைக் கீழே தள்ளிவிட்டு, மேலே நிற்கும் பிளாஸ்மாவிலிருந்து டி.என்.ஏ. துண்டுகளை எடுத்து, லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் எழுத்து எழுத்தாக வாசிப்பது. இதைத்தான் சீக்வென்சிங் என்கிறார்கள். பிறகு கம்ப்யூட்டர் ஒவ்வொரு துண்டையும் இது மனிதனுடையதா, டி.பி. புத்தகத்தில் வருகிற வரியா என்று ஒத்துப் பார்க்கும். மிக்சர் பொட்டலம் மடித்த தாளில் நாலு வரி கிடைத்தால் அது எந்தப் பேப்பர், எந்தத் தேதி என்று நம் பழைய நூலகர் ஐயா சொல்லிவிடுவாரே, அந்த வித்தைதான்.

இது விசிட்டர் புக் அல்ல. அறையில் கிழித்துப் போட்ட பஸ் டிக்கெட். இந்தத் துண்டுகள் ரத்தத்தில் நாள்கணக்கில் நிற்பதில்லை, சீக்கிரம் அழிந்துவிடும். ஆகவே இன்று துண்டு கிடைத்தால் ஆள் இப்போது வந்திருக்கிறான் என்று அர்த்தம். பழைய டெஸ்டுக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இதுதான்.

அப்புறம் ஏன் எல்லா ஊரிலும் வரவில்லை என்று கேட்கலாம். டி.பி. கிருமி கள்ளத்தனமான ஆசாமி. சதைக்குள் சின்னச் சின்ன உருண்டை கட்டிக்கொண்டு உள்ளே ஒளிந்திருக்கும். ரத்தத்தில் அது சிந்துவது மிகமிகக் கொஞ்சம். ரத்தத்தில் மிதக்கும் துண்டுகளில் பெரும்பாலானவை நம்முடையவையே. கோடித் துண்டு படித்தாலும் டி.பி.யுடையது ரெண்டோ மூன்றோ கிடைக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். கிடைப்பதும் பொடிப்பொடியாக இருக்கும். மனித டி.என்.ஏ. துண்டு சுமார் 160, 170 எழுத்து நீளம் என்றால் கிருமியின் துண்டுகள் பெரும்பாலும் அதைவிடக் குட்டை. அதோடு நான் சொன்ன ஒன்றுவிட்ட சகோதரர்கள் தண்ணீரிலேயே இருப்பதால், லேபில் பயன்படுத்தும் திரவத்திலிருந்தே ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ரெண்டு துண்டை வைத்து ஒருவருக்கு ஆறு மாத மருந்து கொடுப்பதா வேண்டாமா? லேபில் நின்று கையெழுத்துப் போட்டவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

உடம்பு முழுக்கப் பரவிய நோயிலும், எச்.ஐ.வி.யோடு சேர்ந்து வருவதிலும் துண்டுகள் அதிகம் கிடைக்கின்றன. 2022இல் அமெரிக்காவின் டுலேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று, முழுசாக வாசிப்பதற்குப் பதில் கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரிக்கோலைக் கொண்டு டி.பி.யின் துண்டை மட்டும் பிடிக்கிற முறையைச் செய்து, எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளிடம்கூடப் பலன் கிடைத்ததாக எழுதியது. நம்பிக்கை தருகிற வேலைதான். ஆனால் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கிடைத்த பலன் நம் தாலுகா ஆஸ்பத்திரியில் கிடைக்கும் வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பேன்.

ரெண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது. கிருமியைத் தேடாதே, உடம்பு என்ன சத்தம் போடுகிறது என்று கேள். விடுதிக்குள் திருடன் வந்தால் வார்டன் கத்துவார், வாட்ச்மேன் விசில் அடிப்பார், மாடியில் லைட் எரியும். திருடனை நாம் பார்க்கவே வேண்டாம். உடம்பிலும் அப்படித்தான். எந்த ஜீன் இப்போது வேலை செய்கிறது என்பதை ஆர்.என்.ஏ. என்ற நகல் சீட்டுகள் காட்டும். ரத்தத்திலுள்ள அந்தச் சீட்டுகளை எண்ணலாம். 2010இல் லண்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் நோயாளிகளின் ரத்தத்தைப் பார்த்து, டி.பி. நோய் உள்ளவர்களிடம் 393 சீட்டுகள் ஒரு தனி வடிவில் ஏறி இறங்குகின்றன என்று கண்டார்கள். நோய் வராமல் கிருமி மட்டும் தூங்குகிறவர்களில் பெரும்பாலோரிடம் அந்த வடிவம் இல்லை. 393ஐச் சுருக்கிச் சுருக்கி, 2016இல் ஸ்டான்ஃபோர்டு குழு மூன்றே ஜீனில் கொண்டுவந்து நிறுத்தியது. விரல் நுனியில் குத்தி எடுக்கிற ரத்தத்தில் பார்க்கிற பெட்டியும் அதிலிருந்து உருவாயிற்று. 2024இல் அமெரிக்காவின் கார்னெல் குழு உகாண்டா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் நோயாளிகளின் பிளாஸ்மாவில் மிதக்கும் ஆர்.என்.ஏ.வை வரிசையாக வாசித்து ஆறு ஜீன் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. என் நண்பன் பேப்பரில் பார்த்தது அநேகமாக இந்த வகைச் செய்திதான்.

இதிலும் ஒரு சிக்கல். வாட்ச்மேன் திருடனுக்கு மட்டுமா விசில் அடிக்கிறார்? பூனை வந்தாலும் அடிப்பார். இந்த ஜீன்களில் பல, இன்டர்ஃபெரான் என்ற அபாயச் சங்கு ஊதும்போது எழுபவை. ஃப்ளூ காய்ச்சலிலும் கொரோனாவிலும் அதே சங்குதான் ஊதும். மழைக்காலத்தில் இந்த டெஸ்டை வைத்தால் பாதித் தெருவுக்கு டி.பி. என்று சொல்லிவிடும் அபாயம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஆரோக்கியமாக இருந்தவர்களை இப்படி ஒரு 11 ஜீன் கணக்கை வைத்துச் சலித்து, பாசிட்டிவ் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குத் தடுப்பு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் நோய் வருவதில் வித்தியாசம் தெரியவில்லை. 2021இல் இதை மறைக்காமல் வெளியிட்டார்கள். எனக்கு அந்தக் கட்டுரை எழுதியவர்கள் மேல் மரியாதை வந்தது. என் காலத்துக் கிட் கம்பெனி இப்படி ஒரு தாள் போட்டிருந்தால்!

ஒரு சின்னக் கணக்கு. நம் கணக்குத் துறை நண்பர்கள் இதுவரை தூங்கியிருந்தால் இப்போது எழுந்துகொள்ளலாம். டி.பி.க்கு முதல் சல்லடையாக ஒரு டெஸ்ட் வர வேண்டுமென்றால், நோய் உள்ள 100 பேரில் குறைந்தது 90 பேரைப் பிடிக்க வேண்டும், நோய் இல்லாத 100 பேரில் 70 பேரையாவது சரியாக வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் ஒரு அளவுகோல் வைத்தது. சரி, 1000 பேர் இருமிக்கொண்டு வருகிறார்கள், அதில் 100 பேருக்கு டி.பி. என்று வைப்போம். டெஸ்ட் 90 பேரைப் பிடிக்கும், 10 பேரைக் கோட்டை விடும். மீதி 900 பேரில் 270 பேருக்கு இல்லாத நோயை இருக்கிறது என்று சொல்லும். ஆக 360 பாசிட்டிவில் 90தான் நிஜம். சல்லடை என்ற அளவில் இது உபயோகமானது. 640 பேருக்கு மேல்விசாரணை மிச்சம். ஆனால் அந்த 360 பேரையும் நேரே மருந்துக்கடைக்கு அனுப்பினால், அவர்களுக்குள்ளே என் நண்பனின் மனைவி மாதிரி எத்தனை பேர் இருப்பார்கள்?

இந்தக் கட்டுரைகளையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது ராமானுஜன் ஞாபகம் வந்தது. கணித மேதைக்கு இங்கிலாந்தில் காசநோய் என்றுதான் சானடோரியத்தில் வைத்தார்கள். ஊர் திரும்பி, 1920 ஏப்ரலில் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். 1994இல் யங் என்பவர் பழைய குறிப்புகளையெல்லாம் பார்த்துவிட்டு, அது டி.பி.யாக இராது, கல்லீரலில் அமீபாத் தொற்றாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். குணப்படுத்தியிருக்கக்கூடிய நோய். இனி யாராலும் உறுதி சொல்ல முடியாது, பார்ப்பதற்கு ஒரு ஸ்லைடுகூடக் கிடையாது. அதே சேத்துப்பட்டில்தான் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் இன்று தேசிய நிறுவனமாக நிற்கிறது. வீட்டிலேயே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்துச் சாப்பிட்டாலும் பலன் ஒன்றுதான் என்று 1959இல் உலகத்துக்கே காட்டியவர்கள் அவர்கள். எல்லோருக்கும் தோன்றியதை நம்பாமல், ரெண்டு குழுவாகப் பிரித்துக் கணக்கெடுத்துச் சொன்னார்கள்.

நேரம் ஆகிறது. போனில் நண்பனிடம் என்ன சொன்னேன் என்பதற்கு வருகிறேன்.

"ரத்தத்துல வேண்டாம்டா. ஊசி போடச் சொல்லு" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட் ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "சரிடா" என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் நானும் கூடவே போனேன். கழுத்துக் கட்டியில் மெல்லிய ஊசி. குழந்தை அழுதது, ஒரு நிமிஷம்தான். எடுத்ததில் ஒரு பகுதி ஸ்லைடுக்கு, ஒரு பகுதி அரசு மருத்துவமனையில் இருக்கும் ஜீன் பெட்டிக்கு. ஆமாம், அதுவும் ஜீன் டெஸ்ட்தான். ரத்தத்தில் இல்லை, நோய் இருக்கிற இடத்திலிருந்து எடுத்ததில். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட முறை. ஒரு மில்லியில் 130 கிருமி அளவுக்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும், ரெண்டு மணி நேரம், முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா கேட்காதா என்பதையும் சேர்த்துச் சொல்லும். கோவாவில் செய்த நம் நாட்டுப் பெட்டி ஒன்றும் 2020இல் அதே ஒப்புதலைப் பெற்றது. அரசு மருத்துவமனையில் காசு வாங்குவதில்லை. சளி துப்பத் தெரியாத குழந்தைக்கு மலத்தை எடுத்தும் இதில் பார்க்கலாம், விழுங்கின சளி அங்கேதானே வர வேண்டும்.

மாலை நாலு மணிக்கு ரிப்போர்ட் வந்தது. டி.பி.தான். மருந்து கேட்கிற டி.பி. ஸ்லைடிலும் புற்றுச் செல் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த ரெண்டாவது வரியை நண்பன் ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னான்.

தண்ணீரில் கரைகிற, பழவாசனை போட்ட மாத்திரை. முதல் நாள் குழந்தை ஆரஞ்சுக் கலரில் சிறுநீர் போனதும் வீடே அலறி எனக்குப் போன் செய்தது. ரிஃபாம்பிசின் சாயம் அது, மருந்து ஒழுங்காக உள்ளே போகிறது என்று அர்த்தம் என்று சொன்னேன். மூன்றாம் மாதம் கட்டி கரைந்துவிட்டது. கோர்ஸ் முடிந்தபோது மூன்று கிலோ ஏறியிருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், தாத்தாவை மிரட்டுகிறாள்.

ரத்தத்தைப் படிக்கிற வித்தை வராது என்று நான் சொல்லவில்லை. 2023இல் மட்டும் உலகத்தில் 1 கோடியே 8 லட்சம் பேருக்கு இந்த நோய் வந்தது, நாலில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டில். பன்னிரண்டரை லட்சம் பேர் செத்தார்கள். அதில் சளி வராத குழந்தைகளும் மூளைக் காய்ச்சல் டி.பி.காரர்களும் சேர்த்தி. அவர்களுக்கு இந்த டெஸ்ட் வேண்டும், சீக்கிரம் வேண்டும். ரத்தம் வேண்டாம், சளியில் இருக்கிற கிருமியின் எழுத்தை வாசித்து எந்த மருந்து கேட்காது என்று சொல்வதற்கு சீக்வென்சிங்கை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ரத்தத்தில் பார்க்கிற இந்தப் புது வழிகளுக்கு மட்டும் இந்த உரை பேசும் நாள் வரை உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் இல்லை. தூங்குகிற கிருமியைக் கண்டுபிடிக்கிற இக்ரா என்ற ரத்த டெஸ்ட் ஒன்று இருக்கிறது, அதைச் செய்துவிட்டு "உனக்கு டி.பி. நோய்" என்று யாராவது சொன்னால் அது மறுபடி விசிட்டர் புக் கதைதான்.

யாராவது ஒரு லேப்காரர் பளபளப்பான தாளை நீட்டினால், எத்தனை பேரிடம் இதைச் சோதித்தீர்கள், நோயே இல்லாத எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்று சொன்னது என்று கேளுங்கள். என்னிடம் 2004இல் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

செயலாளர் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுகிறார். சாப்பாட்டுக்குப் பிறகு பழைய விலங்கியல் லேப் வாசலில், அந்த வேப்பமரத்தடியில் இருப்பேன். ரிப்போர்ட் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், கண்ணாடியும் எடுத்து வந்திருக்கிறேன்.